மாங்கனீசுக் கொத்து எப்படிக் கூடுகிறது? வரைந்தே புரிந்துகொள்வோம்

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன், செடிகளும் பாசிகளும் தண்ணீரைப் பிளப்பதால் வருகிறது. பிளக்கிற வேலையைச் செய்வது, ஒளி அமைப்பு 2 என்ற புரதத் தொகுப்புக்குள் இருக்கும் ஓர் உலோகக் கொத்து: நான்கு மாங்கனீசு, ஒரு கால்சியம், இவற்றை இணைக்கும் ஐந்து ஆக்சிஜன் அணுக்கள். 2011-இல் ஜப்பானில் உமெனா, ஷென், காமியா ஆகியோரின் குழு 1.9 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்) துல்லியத்தில் இதன் வடிவத்தைக் காட்டியது. பார்த்தால் கோணலான நாற்காலி மாதிரி இருக்கும்.

பல இரும்பு-கந்தகக் கொத்துகள் வேறொரு புரதத்தின்மேல் உருவாகி, பிறகுதான் உரிய இடத்துக்குப் போகின்றன. இது அப்படியில்லை. வேலை செய்யப்போகும் இடத்திலேயே, வெளிச்சம் பட்டுத்தான் உருவாகிறது. எனக்கு இதில் தீராத வியப்பு.

சரி, ஒரு தாளும் வண்ணப் பென்சில்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பெரிய வட்டம் ஒன்று வரைந்து 'டி1 புரதம்' என்று எழுதுங்கள். ஒளி அமைப்பு 2-இல் உள்ள புரதங்களில் ஒன்று இது. உள்ளே இரண்டு புள்ளிகள், அதன் அமினோ அமிலச் சங்கிலியில் இரண்டு அமிலங்கள்: 161-ஆவது இடத்தில் டைரோசின், 170-ஆவது இடத்தில் ஆஸ்பார்ட்டேட். புதிதாகப் பிறந்த டி1-க்கு ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு நொதி அதை வெட்டியதும் 344-ஆவது இடத்திலுள்ள அலனின் என்ற அமினோ அமிலம் நுனியாகிவிடும். உலோகத்தைப் பிடிக்க அந்த நுனி தேவை. வால் வெட்டப்படாவிட்டால் கொத்து கிடையாது.

படி 2: ஆஸ்பார்ட்டேட் பக்கத்தில் முதல் மாங்கனீசை வையுங்கள், மின்னூட்டம் +2. வெளிச்சம் பட்டதும் பச்சையம் ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. அதை டைரோசினிடமிருந்து ஈடுகட்டிக்கொள்கிறது, டைரோசின் மாங்கனீசிடம் வாங்குகிறது. இப்போது +2-ஐ அழித்து +3 என்று எழுதுங்கள்.

படி 3: இங்கே நிதானமாகப் படியுங்கள், பலரும் தாண்டிப்போவது இதைத்தான். அடுத்து வேண்டியது வெளிச்சம் அல்ல, கொஞ்சம் இருட்டு. அந்த இடைவெளியில் உள்ளே ஒரு மெதுவான இடமாற்றம் நடக்கிறது. கால்சியமும் அப்போது தேவை. அடுத்த வெளிச்சம் முன்கூட்டியே வந்தால் பலனில்லை. மிகவும் தாமதித்தால் கிடைத்த +3 நிலை கலைந்துவிடும். ராட்மர், செனியே என்ற ஆய்வாளர்கள் 1971-இலேயே இந்த இரண்டு-ஒளி மாதிரியை முன்வைத்தார்கள். கால்சியம் இல்லாமல் வெளிச்சம் மட்டும் காட்டினால் மாங்கனீசு கண்டபடி ஒட்டிக்கொள்ளும், ஆனால் ஆக்சிஜன் வராது. கொத்து இல்லாத புரதத்தைக் கடும் வெளிச்சம் சிதைத்தும் விடும். அதனால் ஆய்வகத்தில் மிதமான வெளிச்சத்தையே காட்டுவார்கள்.

படி 4: இரண்டாவது வெளிச்சம். அப்புறம் மீதி மாங்கனீசுகள் வேகமாகச் சேர்ந்துவிடும். நான்கையும் கால்சியத்தையும் ஆக்சிஜனால் இணைத்து வரையுங்கள்.

படி 5: கொத்துக்கு வெளிப்பக்கம் மூடி மாதிரி பிஎஸ்பிஓ புரதத்தைப் போடுங்கள். கொத்து நிலைத்து நிற்க இது உதவுகிறது.

கொத்து முழுமையாகக் கூடியதா என்று சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. சோதிக்கும் புரத மாதிரியை இருட்டில் வைத்திருந்து, சிறு ஒளித்துடிப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். முதலிரண்டில் ஆக்சிஜன் அநேகமாக வராது. மூன்றாவதில் எகிறும், பிறகு நான்கு துடிப்புக்கு ஒருமுறை மறுபடி ஏறும்.