வலியில்லாமல் மடங்கும் விரல்: வாத்தியக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் வீணை கற்பிக்கும் நான் இங்கே சொல்லப்போகும் முதல் தவறு, நானே செய்தது. பல ஆண்டுகள் என்னிடம் பயின்று கச்சேரிக்கும் போகத் தொடங்கியிருந்த ஒரு மாணவியின் வலக்கை நடுவிரல், வர்ணம் என்ற உருப்படியை இரட்டை வேகமான இரண்டாம் காலத்தில் மீட்டும்போது மட்டும், தந்தியைத் தொட்டுவிட்டு எழும்பாமல் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டது. வலி இல்லை, வீக்கம் இல்லை, மரத்துப்போகவும் இல்லை. சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்களால் வீணைக்குப் பெயர்பெற்ற இந்த ஊரில், விரல் பேசவில்லை என்றால் சாதகம் குறைவு என்பதே முதல் தீர்ப்பு. நானும் அப்படியே தீர்மானித்து, ஸ்வரங்களைத் தாண்டித் தாண்டி வாசிக்கும் பயிற்சியான தாட்டு வரிசையை மூன்று காலத்திலும் தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக வாசிக்கச் சொன்னேன். ஆறே மாதத்தில் முதல் காலத்திலும் விரல் சுருளத் தொடங்கியது. அதை ஈடுகட்டப் பக்கத்திலிருந்த சுட்டுவிரல் விறைத்து மேலே நின்றது.

அந்த நாட்களில் அவள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பலகாரம் செய்துகொண்டிருந்தார்கள். அதே வலக்கை விரல்களால் அவள் மாவை முறுக்கி முறுக்கி, வெள்ளைத் துணிமேல் ஐந்து சுற்றுக் கைமுறுக்கை இழை அறாமல் சுற்றி வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, “முறுக்குச் சுத்துற கைக்கு வீணை வாசிக்க வராதா ஆத்தா?” என்று கேட்டார். இந்த நோயின் முக்கிய அடையாளமே அந்தக் கேள்விக்குள் இருந்தது என்பது எனக்குப் பின்னர்தான் புரிந்தது.

இசைக்கலைஞர்களின் கையில் வரும் இந்தக் கோளாற்றுக்கு டிஸ்டோனியா என்று பெயர். பல்லாயிரம் முறை பழகிய ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும்போது மட்டும், விரல்கள் நம் விருப்பத்துக்கு மாறாக மடங்கும் அல்லது விறைக்கும். கோளாறு விரலில் இல்லை, மூளையில் இருக்கிறது. ஒரு தசை இயங்கும்போது அதற்கு எதிரான தசையையும் அடுத்த விரலையும் அடக்கிவைக்கும் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது; ஒவ்வொரு விரலுக்கும் மூளையில் தனித்தனியே உள்ள இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. பேனா பிடித்தால் மட்டும் கை முறுக்கிக்கொள்ளும் எழுத்து இசிவும் இதே குடும்பம்தான். நாள் முழுக்கப் பேரேடு எழுதிய கணக்கப்பிள்ளைகளை அறிந்த நம் ஊர்ப் பெரியவர்களிடம் நான் இந்த உதாரணத்தைச் சொல்லித்தான் விளக்குகிறேன். தொழில்முறைக் கலைஞர்களில் ஏறத்தாழ 100-இல் ஒருவருக்கு இது வரலாம் என்று மதிப்பிடுகிறார்கள்; பெரும்பாலும் 30 வயதுகளில், பெண்களைவிட ஆண்களுக்கு அதிகமாக வருகிறது. சிலருக்குக் குடும்பவழியும் ஒரு காரணம்.

ஆகவே கூடுதல் சாதகம் இதற்கு மருந்தாகாது. தவறாகப் பதிந்துவிட்ட இயக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, அந்தத் தவறையே ஆழப் பதிக்கிறோம். விரலைக் கட்டியோ கருவியில் மாட்டியோ பழக்குவதும் அப்படிப்பட்டதுதான். ஜெர்மானிய இசைமேதை ராபர்ட் ஷூமான் 1830-களின் தொடக்கத்தில் வலக்கை விரல் முடங்கிப் பியானோக் கலைஞராகும் ஆசையைக் கைவிட்டார். விரலைப் பழக்க அவர் ஒரு கருவியையும் பயன்படுத்தினார். அவருக்கு இருந்தது டிஸ்டோனியாவாகவே இருக்கலாம் என்று இன்றைய மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள்.

அடுத்த தவறு, சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து வழிப்பது. நாங்களும் அதைச் செய்தோம், இரண்டு மாதம் வீணாயிற்று. கை மரத்துப்போனாலோ, இரவில் வலி எழுப்பினாலோ, பிடி வலுவிழந்தாலோ அது மணிக்கட்டிலோ முழங்கையிலோ நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். அதற்கு வேறு சிகிச்சை உண்டு. வாசிக்கும்போது மட்டும், வலியே இல்லாமல் விரல் கட்டுமீறினால் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். அந்தப் பிரிவு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் இருக்கிறது. போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. வாத்தியத்தை எடுத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால் விரல் தெளிவாகத் தெரியும்படி செல்போனில் படமெடுத்துச் செல்லுங்கள். மேசைமேல் நீட்டிய கையில் மருத்துவருக்கு எந்தக் குறையும் தெரியாது. ஸ்கேனும் நரம்புப் பரிசோதனையும்கூடப் பெரும்பாலும் சரியாகவே வரும். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து “எல்லாம் மனசுதான், பயப்படுகிறாள்” என்று வீட்டார் முடிவுகட்டுவது, இருப்பதிலேயே கொடிய தவறு. பதற்றமும் எதையும் பிசகில்லாமல் செய்ய வேண்டும் என்ற பிடிவாதமும் நோயைத் தூண்டலாம், ஆனால் நோய் பாசாங்கு இல்லை.

தவில்காரர்கள் இதை மறைப்பார்கள். தை, மாசி முகூர்த்தங்கள் நெருங்கும்போது, உறைபோன்ற கூடு மாட்டிய வலக்கை விரல் மடங்குகிறது என்று வெளியே தெரிந்தால் மேளச் செட்டில் இடம் போய்விடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனாலும் மறைத்து வாசிக்கும் ஒவ்வொரு முகூர்த்தமும் விரலை இன்னும் இறுக்கிவிடுகிறது. நாகசுரக்காரர்களுக்கு இதே கோளாறு உதட்டிலும் வரலாம்.

ஓர் ஊசியில் குணமாகிவிடும் என்று நம்புவதும் கூடாது. முன்கையில் அத்துமீறும் தசைக்குள் போடும் பொட்டுலினம் ஊசி, ஒன்றிரண்டு வாரத்தில் அதைத் தளர்த்துகிறது. சுமார் 3 மாதத்தில் பலன் தேய்ந்துவிடும், அளவு மிஞ்சினால் விரலே வலுவிழக்கும். அமெரிக்கப் பியானோக் கலைஞர் லியான் ஃப்ளைஷருக்கு 1960-களின் நடுவில் வலக்கையின் கடைசி இரு விரல்களும் சுருண்டன. பல ஆண்டுகள் இடக்கைக்கென்று எழுதப்பட்ட இசையையே வாசித்தவர், 1990-களில் இந்த ஊசியின் துணையோடுதான் மீண்டும் இரு கைகளாலும் மேடையேறினார். ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரை சிலருக்கு உதவும். வாய் வறட்சியும் மறதியும் தரக்கூடிய அதை மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

ஓய்வு எடுத்தாலே சரியாகும் என்று மூன்று மாதம் வீணையை உறையில் வைத்துவிட்டு, பிறகு பழைய வேகத்திலேயே எடுத்து வாசித்தால் விரல் பழையபடியே சுருளும். விரல் சுருளாத வேகம் எதுவோ அதைக் கண்டுபிடித்து, அங்கிருந்து சிறுகச் சிறுக ஏற்றுவதே மறுபழக்கத்தின் அடிப்படை. என் மாணவிக்கு அந்த வேகம், சீராகத் தட்டிக் காலம் காட்டும் கருவியான மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 40 தட்டு. அரங்கேற்றம் முடித்த பெண்ணை முதல் பாடமான சரளி வரிசையில் உட்காரவைப்பது இருவருக்குமே கண்ணீர் வரவழைத்தது. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், பிறகு இடைவெளி என்று வைத்துக்கொண்டோம். பதினான்கு மாதம் ஆகிவிட்டது. சென்ற வாரம் 66-இல் நடுவிரல் லேசாக உள்வாங்கியதும், நான் வாய் திறப்பதற்குள் அவளே கையை எடுத்துவிட்டு 60-க்கு இறங்கினாள்.