பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு

பெங்களூரில் அல்சூர், ஃப்ரேஸர் டவுன் பக்கம் வார இறுதியில் ஜாம் பண்ணும் நம்ம பசங்களுக்கு இது. நீங்கள் வாசிக்கும் பாட்டைக் கேட்டால் யார் காலும் தாளம் போடவில்லையா? பேஸில் நோட்டுகளைக் குறையுங்கள். மெட்ரோனோமை (தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 80 தட்டில் வைத்து, நாலு தட்டில் 1, 3-இல் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), 2, 4-இல் ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) ஓடட்டும். டிரம்மர் சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் போனில் டிரம் ஆப் போதும்.

கிக் விழும்போது மட்டும் ரூட் நோட்டை, அதாவது அந்தக் கார்டின் அடிப்படை ஸ்வரத்தை, தட்டுங்கள். முக்கியமான சங்கதி, அதை எங்கே நிறுத்துவது என்பதுதான். ஸ்னேர் விழும் அதே நொடியில் இடது கை விரலின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். கம்பியை விட்டு விரலை எடுக்க வேண்டாம், எடுத்தால் வேறு சத்தம் வரும். பேஸ் அடங்கினால் ஸ்னேர் பளிச்சென்று கேட்கும்.

இது கைக்கு வந்ததும், 1-க்கு அரைத்தட்டு முன்னால் ஒரு குட்டி நோட்டைச் சேர்த்துப் பாருங்கள்.