ஃபெல்லோஷிப் வழியாகச் சொந்தமாக ஒரு செல் உயிரியல் ஆய்வுக் குழு: எங்கிருந்து தொடங்குவது?

போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) முடியும் கட்டத்தில் பலரும் முதலில் தேடுவது ஃபெல்லோஷிப்புக்கான, அதாவது தனி ஆய்வுக்கு நிதி தரும் உதவித்தொகைக்கான, விண்ணப்பப் படிவத்தை. அதற்கும் முன்னால் தேட வேண்டியது, உங்களுடையது என்று சொல்லக்கூடிய ஒரு கேள்வியை.

1. கேள்வியைப் பிரித்தெடுங்கள்

"இதை உங்கள் பழைய ஆய்வகமே செய்துவிடாதா?" தேர்வுக் குழு இதை ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்டே தீரும். உங்கள் வழிகாட்டி டிஆர்பி1 புரதம் மைட்டோகாண்ட்ரியாவை எப்படிப் பிளக்கிறது என்று ஆராய்பவர் என்று வையுங்கள். அதையே இன்னொரு ஊரில் தொடர்வது தனி ஆய்வு ஆகாது. பிளந்த துண்டுகளில் எது நரம்பு செல்லின் நீண்ட இழையான ஆக்ஸானுக்குள் பயணிக்கிறது, எது பின்தங்குகிறது என்று கேட்டால் அது உங்கள் பாதை.

எந்தத் திட்டம், எந்த செல் வரிசைகள் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்), எந்த பிளாஸ்மிட்கள் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் டிஎன்ஏ வளையங்கள்) உங்களுடன் வரும் என்பதை வழிகாட்டியிடம் பேசி மின்னஞ்சலில் பதிவு செய்துகொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

2. ஃபெல்லோஷிப்பைத் தேர்ந்தெடுங்கள்

பிரிட்டனில் ராயல் சொசைட்டியின் யூனிவர்சிட்டி ரிசர்ச் ஃபெல்லோஷிப் 8 ஆண்டுகள் வரை நீளும். ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஸ்டார்ட்டிங் கிராண்ட் 5 ஆண்டுகளுக்கு 15 லட்சம் யூரோ வரை தருகிறது. வெளிநாட்டிலிருந்து இந்தியா திரும்புபவர்களுக்கு ராமலிங்கசுவாமி ஃபெல்லோஷிப் இருக்கிறது. பிஎச்.டி. முடித்து எத்தனை ஆண்டுக்குள் விண்ணப்பிக்கலாம், குழந்தை வளர்ப்புக்காக எடுத்த இடைவெளியைக் கழிப்பார்களா என்று விதிகளில் பாருங்கள்.

3. நிறுவனத்தை நேரில் பாருங்கள்

பெயரைவிட மைக்ராஸ்கோப் அறை முக்கியம். கான்ஃபோக்கல் (லேசரால் செல்லை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் மைக்ராஸ்கோப்) இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். அதைப் பராமரிக்க முழுநேர ஆள் உண்டா? இரவு முழுக்க உயிருள்ள செல்களைப் படமெடுக்க நேரம் தருவார்களா? மணிக்கு எவ்வளவு கட்டணம்? படங்களை எங்கே சேமிப்பது? மெல்லிய ஒளித்தாளால் படமெடுக்கும் லைட்ஷீட் மைக்ராஸ்கோப் ஒரே நாளில் டெராபைட் கணக்கில் தரவைக் கொட்டும். அப்புறம், ஃபெல்லோஷிப் முடிந்தபின் நிரந்தரப் பணிக்கு வழி உண்டா என்று துறைத் தலைவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

4. எழுதுங்கள்

விண்ணப்பத்தில் மூன்று ஆய்வு நோக்கங்கள் போதும். முதலாவது தோற்றால் மற்ற இரண்டும் சரிந்துவிடக் கூடாது. நல்ல திட்டங்கள் பல இங்கேதான் அடிபடுகின்றன. உங்கள் துறையில் இல்லாத ஒருவரிடம் வரைவைக் கொடுங்கள். அவருக்கு எங்கே புரியவில்லையோ அந்த இடத்தைத் திருத்துங்கள்.

5. கிடைத்துவிட்டது, சரி

செல்களை வளர்க்கும் இன்குபேட்டருக்கும், கிருமி புகாமல் அவற்றைக் கையாளும் லேமினார் ஹூடுக்கும் உடனே ஆர்டர் கொடுங்கள். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு செல் வரிசையையும் தனி இன்குபேட்டரில் வைத்து, பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும்) முறையில் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா கலந்திருக்கிறதா என்று சோதனை செய்யுங்கள். இந்த பாக்டீரியாவுக்கு செல்சுவர் கிடையாது, அதனால் பெனிசிலினுக்கு மசியாது. சாதாரண மைக்ராஸ்கோப்பில் கண்ணிலும் படாது. பல மாத உழைப்பைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். எஸ்டிஆர் சோதனையில் (டிஎன்ஏ அடையாளச் சோதனை) செல்லின் அடையாளத்தையும் உறுதிசெய்து, அந்த செல்களைக் குப்பிகளில் உறையவைத்து திரவ நைட்ரஜனில் சேமித்தபின் பரிசோதனையைத் தொடங்குங்கள்.

முதல் ஆளை எடுப்பதில் அவசரம் வேண்டாம். நேர்முகத்தில், தோற்றுப்போன ஒரு பரிசோதனையை விளக்கச் சொல்லுங்கள். காரணத்தை எப்படித் தேடினார் என்பதைக் கவனித்து முடிவெடுங்கள்.