லேசர் டிஸ்க் இயந்திரத்தை வீட்டில் திருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய வட்டுகளில் பதிந்த படத்தை லேசரால் வாசித்துத் தொலைக்காட்சியில் காட்டும் லேசர் டிஸ்க் இயந்திரங்களின் உற்பத்தியைப் பயனியர் நிறுவனம் 2009இல் நிறுத்திவிட்டது. இன்று ஒரு பாகம் போனால் அதற்கு ஈடு பெரும்பாலும் இன்னொரு பழைய இயந்திரத்தின் வயிற்றிலிருந்துதான் வர வேண்டும். திருகோணமலையில் உவர்மலை வீட்டு மேசையில் நான் இதுவரை திறந்து பார்த்தவற்றில் முதுமையால் செத்தவை குறைவு. திருத்தப் போன கையால் செத்தவையே கூட. அவற்றில் ஒன்று என் கையால் செத்தது.

முதற்பிழை மூடியைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஜப்பானில் விற்கப்பட்ட இயந்திரம் 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் சுவரில் இருப்பதோ 230. பின்பக்கத் தகட்டை வாசிக்காமல் பிளக்கை மாத்திரம் மாற்றிச் செருகினால் பியூஸ் போகும். அதைவிடக் கேடு, போன பியூசுக்குப் பதிலாகப் பெரிய பியூசோ செப்புக் கம்பியோ போடுவது, ஏனெனில் அடுத்த முறை எரிவது மின்வழங்கிப் பலகையாக இருக்கும். அளவான ரான்ஸ்போமர் ஒன்றை வாங்கிவிட்டுத்தான் மேலே யோசிக்க வேண்டும். அதேபோல், ஜப்பானிய, அமெரிக்க டிஸ்குகள் அந்நாட்டுத் தொலைக்காட்சிகளுக்கான என்டிஎஸ்சி (NTSC) என்ற வண்ணப்பட முறையில் பதியப்பட்டவை. நம் நாட்டில் வழங்கும் பால் (PAL) முறை மாத்திரம் தெரிந்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் அவை கறுப்பு வெள்ளையாக வருவதையோ உருண்டோடுவதையோ இயந்திரக் கோளாறு என்று எண்ணித் திறக்க வேண்டாம்.

படத்தில் வண்ணப் புள்ளிகள் மழைபோலத் தூறினால், நல்ல நிலையில் உள்ளதென்று தெரிந்த வேறொரு டிஸ்கைப் போட்டுப் பார்க்காமல் முடிவுக்கு வருவது அடுத்த தவறு. லேசர் டிஸ்க் என்பது இரண்டு தட்டுகளை முதுகோடு முதுகு ஒட்டிய 30 சென்ரிமீற்றர் வட்டு. ஒட்டுப்பசை சரியில்லாத பதிப்புகளில் உள்ளே இருக்கும் அலுமினியப் படலம் காலப்போக்கில் அரித்துப்போகும். அதற்கு எந்தத் திருகாணியும் மருந்தல்ல.

லென்ஸைத் துடைப்பது நல்ல தொடக்கம்தான், ஆனால் எதனால் துடைக்கிறோம் என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்த வகைகள் உண்டு. அவை காய்ந்த பிறகும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் அற்ககோலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, இமையைத் தொடுவதுபோலத் தொட வேண்டும். லென்ஸ் மெல்லிய தாங்கிகளில் தொங்குகிறது. அழுத்தினால் அது ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, லேசர் தலையிலும் பலகையிலும் இருக்கும் சின்னஞ்சிறு பிரீசெட்டுகளை, அதாவது அளவுகளைச் சரிசெய்யும் திருகுகளை, ஆவலில் திருப்புவது. என் முதல் இயந்திரத்தில் படம் மங்கியபோது, லேசர் வலுவைக் கட்டுப்படுத்தும் திருகைக் கால் சுற்று ஏற்றினேன். படம் பளிச்சென்று தெளிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு வாரத்தில் லேசர் டயோட் அணைந்தது. மெய்யான காரணம் சாய்வுப் பொறிமுறையின் பற்சக்கரத்தில் இறுகிப்போயிருந்த பழைய கிறீஸ். பெரிய வட்டு எப்போதும் சிறிது வளைந்தே சுழலும், அந்த வளைவுக்கேற்ப லேசர் தலையைச் சாய்ப்பதற்குத் தனி மோட்டார் இருக்கிறது, அது சிக்கிக்கொண்டால் பக்கத்துத் தடத்தின் சமிக்ஞையும் படத்தில் கலந்து சாய்கோடுகளாக ஊர்ந்து செல்லும் என்பதையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன். மின் சமிக்ஞையை அலையாக வரைந்து காட்டும் ஒசிலோஸ்கோப்பில் அதைப் பார்க்க வசதியில்லாதவர் அந்தத் திருகுகளைத் தொடக் கூடாது. தொட்டே ஆக வேண்டுமென்றால், பழைய நிலையை ஊசிமுனையால் கீறி அடையாளமிட்ட பிறகு தொடட்டும்.

டிஸ்கை ஏந்தும் தட்டு வெளியே வந்து உள்ளே போக மறுத்தால் பெரும்பாலும் றப்பர் பெல்ட்தான் காரணம். அது சில இயந்திரங்களில் தளர்ந்திருக்கும், சிலவற்றில் கறுத்த தார்போல உருகியிருக்கும். காசு கட்டும் றப்பர் வளையம் ஒரு மாதம்கூடத் தாங்காது. உருகிய பிசினை அற்ககோலால் முழுவதும் துடைக்காமல் புதிய பெல்ட்டைப் போட்டால் அதுவும் வழுக்கும். பற்சக்கரங்களுக்குத் தேங்காயெண்ணெய் விடுவோரும் இருக்கிறார்கள். அது நாளடைவில் பிசுபிசுத்து, கச்சான் காற்றில் வரும் தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு ஒவ்வும் கிறீஸ் ஒரு பொட்டுப் போதும். கடலைப் பார்த்த யன்னலோரம் வைத்த இயந்திரத்தில் வயர் செருகும் துளைகள் களிம்பேறியிருக்கும். சத்தம் ஒருபக்கம் வராவிட்டால் உள்ளே தேடுவதற்கு முன் அவற்றைத் துடைத்துப் பார்க்கலாம்.

மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு ஓடவிடுவோர் இரண்டு விடயங்களை மறக்கிறார்கள். என்டிஎஸ்சி டிஸ்க் நிமிடத்துக்கு 1800 சுற்று வரை சுழலும். அப்போது அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. பிற்கால இயந்திரங்களின் லேசர் அகச்சிவப்புக் கதிர்; மங்கிய சிவப்புப் பொட்டாகத் தெரிவதால் வலுவற்றது என்று எண்ணி உற்றுப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு. ஆரம்பகால இயந்திரங்களில் ஹீலியம் நியோன் வாயுக்குழாயும் அதற்கான உயர் வோல்ட்டு மின்வழங்கியும் இருந்தன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கே மின்னேற்றம் தங்கியிருக்கும்.

சில இயந்திரங்களின் அடியில், பயணத்தின்போது லேசர் தலையைப் பூட்டிவைக்கும் திருகாணி ஒன்று இருக்கும். நிலாவெளியிலிருந்து ஓட்டோவில் வந்த ஓர் இயந்திரத்தை நான் அரை நாள் கழற்றிப் பார்த்தும் தலை அசையவில்லை. கொண்டுவந்த ஐயா அதைத் திருப்பி வைத்துத் தூசி தட்டியபோது, “தம்பி, இந்தச் சிவப்பு ஆணி என்னத்துக்கு?” என்று கேட்டார்.