பிரேக்கர் அடிக்கடி விழுகிறதா? பெரியதாக மாற்றாதீர்கள்

3000 வாட் கீசர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே லைனில் 2500 வாட் ரூம் ஹீட்டரையும் போடுகிறோம். கொஞ்ச நேரத்தில் 16 ஆம்பியர் பிரேக்கர் விழுந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. இரண்டு மூன்று முறை இப்படி ஆனதும், அதைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். பிறகு அது விழுவதே இல்லை. நாய் குரைக்கிறது என்று நாயை விரட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவது போலத்தான் இது.

பிரேக்கர் முதலில் காப்பது கீசரை அல்ல, சுவருக்குள் ஓடும் வயரை. இது புரியாததால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. சாதனம் இழுக்கும் ஆம்பியரை விடக் குறையாமல் பிரேக்கர் இருக்க வேண்டும். பிரேக்கரை விடக் குறையாமல் வயரின் தாங்குதிறன் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் மீறினாலும் தவறுதான்.

மேலே சொன்னதையே கணக்குப் போடுவோம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 230 வோல்ட்டில் 5500 வாட் என்றால் சுமார் 24 ஆம்பியர். உள்ளே இருப்பது 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர். வயர்களின் தாங்குதிறன் பட்டியலைப் பார்த்தால் பைப்புக்குள் 24 ஆம்பியர் தாங்கும் என்று இருக்கும். "சரியாகத்தானே இருக்கிறது" என்று தோன்றும். ஆனால் அந்த எண், சுற்றுவெப்பம் 30 டிகிரியாக இருந்து, பைப்பில் ஒரே ஒரு சர்க்யூட் போகும்போது மட்டுமே பொருந்தும். 40 டிகிரி வெயிலில் 0.87 ஆல் பெருக்க வேண்டும். அதே பைப்பில் இன்னொரு சர்க்யூட்டும் போனால் மேலும் 0.8 ஆல். மிஞ்சுவது ஏறக்குறைய 16.7 ஆம்பியர். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 24 ஆம்பியர் ஓடினால் வயரில் இரண்டு மடங்கு சூடு. 32 ஆம்பியர் பிரேக்கருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பிவிசி உறை மட்டும் சத்தமில்லாமல் காய்ந்து நொறுங்கும். கீசருக்குத் தனி லைன் இழுப்பதுதான் வழி.

பிரேக்கர் மேல் எழுதியிருக்கும் எண்ணைத் தாண்டியதும் அது விழுந்துவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. எம்சிபி எனப்படும் இந்த வீட்டு பிரேக்கருக்கான தரவிதிப்படி அந்த எண்ணின் 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 1.45 மடங்கில்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். அதாவது 16 ஆம்பியர் பிரேக்கரில் 18 ஆம்பியர் தாராளமாக ஓடும். ஆகவே வயரை மட்டுமட்டாக, விளிம்பில் நிறுத்தித் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஏசி, மோட்டார் போன்றவை கிளம்பும்போது மட்டும் சில மடங்கு கூடுதலாக இழுக்கும். பி வகை பிரேக்கர், அதன் மேல் எழுதியிருக்கும் எண்ணின் 3 முதல் 5 மடங்கிலேயே சட்டென்று விழும். சி வகை 5 முதல் 10 மடங்கில். கிளம்பும்போது மட்டும் விழுகிறது என்றால் ஆம்பியரைக் கூட்டாமல் வகையை மாற்ற முடியுமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

வயரைத் தடவிப் பார்த்து "நல்ல கனம்" என்று வாங்குவதும் உண்டு. கனம் உறையிலும் இருக்கலாம். உள்ளே இருக்கும் காப்பரின் ஸ்கொயர் எம்எம் அளவைத்தான் பார்க்க வேண்டும். தூரமும் முக்கியம்: 1.5 ஸ்கொயர் எம்எம் வயரில் 30 மீட்டர் தள்ளி 13 ஆம்பியர் எடுத்தால் போக வர ஒன்பது வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும்.

எம்சிபி இருக்கிறது, ஷாக் அடிக்காது என்று நினைக்காதீர்கள். ஆளைக் கொல்ல ஒரு ஆம்பியரில் சிறு பங்கே போதும். 16 ஆம்பியர் பிரேக்கருக்கு அது தெரியவே தெரியாது. அதற்கு, மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர் அளவில், தனியாக வேண்டும்.

அளவெல்லாம் சரியாக இருந்தும் பிளக் பாயிண்ட் பழுப்பேறினால், திருகு தளர்ந்திருக்கலாம். லூஸ் கனெக்‌ஷனில் ஆம்பியர் கூடுவதில்லை, அந்த ஒரு இடம் மட்டும் கருகும். எம்சிபியும் விழாது, ஆர்சிசிபியும் விழாது. மூக்குதான் கண்டுபிடிக்க வேண்டும்.