அம்மாவுக்குக் கல்வெட்டு எழுதுவது எப்படி

எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால், 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சாப்பிட்டுப் போகிறவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்போம். அட்டையில் நினைவு மலர் என்று இருக்கும். வாயில் வருவது கல்வெட்டு என்றுதான். உள்ளே தேவாரம், சிவபுராணம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாம் இருக்கும். குரோதி வருடம் ஆவணியில் எங்கள் அம்மா போனார். கல்வெட்டு எழுதும் பொறுப்பு மூத்தவள் என்று என்னிடம் வந்தது. அடுத்து எழுதப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். 31 நாள் இருக்கிறதே என்று தோன்றும். செத்தவீடு, சாம்பல் அள்ளுகிற காடாற்று, எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவு என்று முதல் 8 நாள் ஓடிவிடும். அச்சகத்துக்கு ஒரு வாரம் வேண்டும், பிழை பார்க்க 3 நாள் வேண்டும். எழுதக் கிடைப்பது 12, 13 நாள்தான். ஆனால் சேகரிக்கிற வேலையை முதல் நாளே தொடங்கிவிட வேண்டும். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் பந்தலில் இருந்து கதைப்பதுதான் கல்வெட்டின் உயிர். அவர்கள் எழும்பிப் போனால் கதையும் போய்விடும். என் பெறாமகள் (சகோதரத்தின் மகள்) ஒருத்தியிடம் 80 பக்கக் கொப்பியைக் கொடுத்து, யார் என்ன சொன்னாலும் சொன்ன மாதிரியே எழுது, அழகுபடுத்தாதே என்று இருத்தினேன்.

மூன்றாம் நாள் பக்கத்து ஒழுங்கையில் இருந்து ஒரு ஆச்சி வந்தார். "95 இடப்பெயர்விலே நாங்கள் கைதடியிலே பள்ளிக்கூடத்துக்குள்ளே கிடக்கேக்கை, உன்ரை அம்மா தன்ரை சீலையைக் கிழிச்சு என்ரை பிள்ளைக்குச் சட்டை தைச்சுத் தந்தவ" என்றார். நாங்கள் நாலு பிள்ளைகளும் அதே பள்ளிக்கூடத்தில்தான் இருந்தோம். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

அம்மா தையல்காரி. ஊரில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிச் சட்டை அவர் தைத்ததுதான். 1990இல் மின்சாரம் நின்று, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு வந்தபிறகு, ஜாம் போத்தல் விளக்கை மெசினுக்குப் பக்கத்தில் வைத்து இரவில் தைப்பார். 1995 ஒக்டோபர் 30 இரவு, ஆமி முன்னேறி வர, எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, மெசின் தலையை மட்டும் கழற்றி, சாக்கில் சுற்றி, அப்பாவின் சைக்கிள் கரியரில் கட்டச் சொன்னார். இதெல்லாம் எழுத வேண்டிய விசயம். ஆனால் வழக்கமான கல்வெட்டு என்ன சொல்கிறது? "கணவனுக்கேற்ற மனைவியாய், பாசமிகு தாயாய், இன்முகம் மாறாத அம்மம்மாவாய்." அச்சகத்தில் ஆயத்தமாக இருக்கும் வரிகள் அவை. எங்கள் மாமியின் கல்வெட்டிலும் பெரியம்மாவின் கல்வெட்டிலும் அப்படியே இருக்கின்றன. பொய் இல்லை, ஆனால் பெயரை மாற்றினால் எவருக்கும் பொருந்தும். அதனால் நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: அம்மாவின் கை என்ன செய்தது என்று சொல்லாத எந்தப் பத்தியும் வேண்டாம்.

ஆண்டு கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் சரியாக நினைவிருக்காது. எந்த வருசம் என்று கேட்காதீர்கள். இயக்கம், ஆமி, இடப்பெயர்வு என்று எங்கள் எல்லாருக்கும் பொதுவாகத் தெரிந்த நாட்களை வைத்துக் கேளுங்கள். யாழ்ப்பாண நூலகம் எரிந்ததற்கு (1981) முன்னா பின்னா? இந்தியன் ஆமி வந்தபோது (1987) தம்பி நடந்தானா, தவழ்ந்தானா? யாழ்தேவி ரயில் நின்றபிறகா (1990)? அப்பாவுக்குத் தன் கலியாண ஆண்டே தடுமாறியது. "ஊரடங்குச் சட்டம், அதாலே இரவுக் கலியாணத்தைப் பகலுக்கு மாத்தினது" என்றார். அது 1971 ஏப்ரல் கிளர்ச்சி நடந்த வருடம். அப்புறம் பெட்டியடியில் கிடந்த கலியாண அழைப்பிதழும் அதையே சொன்னது.

அப்பாவிடம் கேட்டது பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 53 வருடம் கூட வாழ்ந்தவர். "அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றால் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார். இரண்டு நாள் கேட்டும் ஒரு வரி வரவில்லை. மூன்றாம் நாள் நான் கேட்பதை விட்டுவிட்டு, அம்மாவின் அளவுக் கொப்பியைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். ஒற்றை றூள் கொப்பி, அட்டை போய்ச் சீத்தைத் துணியால் உறை தைத்திருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பிள்ளையின் பெயர், கீழே தோள், நெஞ்சு, இடுப்பு, உயரம் என்று அங்குலத்தில், வருடா வருடம் பக்கத்துப் பக்கத்தில். ஒரு பெயரில் 22, 23½, 25 என்று ஏறிக்கொண்டு போய் நின்றுவிடுகிறது. அப்பா அதில் விரலை வைத்து, "இந்தப் பெடியன் சுவிசுக்குப் போட்டான். இதிலே நிண்டது" என்றார். பிறகு அடுத்த பக்கம். அன்று மத்தியானம் சாப்பாடு ஆறும்வரை கதைத்தார். பெண்சாதியை இழந்தவரிடம் கேள்வி கேட்காதீர்கள். போனவரின் கைபட்ட பொருள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

அந்தக் கொப்பியில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து, வாழ்க்கைக் குறிப்புக்கு எதிர்ப்பக்கத்தில் முழுப்பக்கமாகப் போட்டோம். அம்மாவின் கையெழுத்து இருக்கும் ஒரே பக்கம் அதுதான். உங்கள் வீட்டிலும் மளிகைச் சிட்டையோ கணக்குக் கொப்பியோ இருக்கும். தேடுங்கள்.

திதி வெண்பா இல்லாமல் கல்வெட்டு இல்லை. இறந்த வருடம், மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி நாலும் வெண்பாவில் வரும். ஒவ்வொரு ஆண்டும் திவசம் செய்ய அதைத்தான் பார்ப்பார்கள், ஆகவே அதில் பிழை விடக்கூடாது. திதி பகலிலும் மாறும், இரவிலும் மாறும். உயிர் பிரிந்த நேரத்தை அன்றே எழுதி வையுங்கள். வாக்கியம், திருக்கணிதம் இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நேரம் வித்தியாசப்படும் என்பதால், உங்கள் ஐயர் எதைப் பார்க்கிறார் என்று கேட்டு அதையே பின்பற்றுங்கள். யாப்புத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் அவரிடமே கேளுங்கள், இரண்டு நாளில் எழுதித் தருவார்.

வம்சாவளியில்தான் சண்டை வரும். ஒரு மருமகளின் பெயர் விடுபட்டதற்காக 10 வருடம் கதைக்காத குடும்பத்தை எனக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்களின் கிளையை மட்டும் அனுப்பி, பெயரும் எழுத்தும் சரி என்று பதில் வாங்குங்கள். இன்னொன்று, பெண்ணின் கல்வெட்டிலேயே பெண் வழி காணாமல் போகிறது. அம்மாவின் அம்மா பெயர், அவருடைய அம்மா பெயர், அவர்கள் பிறந்த ஊர் மூன்றையும் விடாமல் கேட்டுப் போடுங்கள். எங்கள் அம்மாவின் அம்மம்மா பெயர் காணி உறுதிப் பத்திரத்தில்தான் கிடைத்தது.

பேரப்பிள்ளைகள் 7 பேரில் 5 பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். தமிழ் எழுத வராது. பெரியவர்கள் எழுதி அவர்கள் பெயரைப் போடுவது வழக்கம். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. வட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல்லி, பேசியபடியே எழுதினோம். "அம்மம்மா கோல் எடுத்தா முதல் கேக்கிறது, உயரம் எவ்வளவு எண்டு" என்று 9 வயதுப் பிள்ளை சொன்னது அச்சில் அப்படியே வந்தது. அளவுக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் அந்த 5 பேரின் உயரமும் இருந்தது. தொலைபேசியில் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார்.

அச்சு விசயம் சுருக்கமாக: நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் மொத்தப் பக்கம் 4ஆல் பிரிய வேண்டும். பழைய படங்களைத் தொலைபேசியில் எடுக்காமல் ஸ்கான் செய்யுங்கள். நீங்கள் யூனிகோட்டில் கொடுப்பதை அச்சகம் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் சில எழுத்துகள் குழம்பும், பெயர்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பாருங்கள். எங்களுக்கு ஒரு மருமகனின் பெயரில் ஸ்ரீ காணாமல் போய், கடைசி இரவில் பிடித்தோம்.

300 பிரதி அடித்தோம். கடைசி 2 பக்கத்தை வெறுமையாக விட்டு, "அம்மாவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை இதில் எழுதித் தாருங்கள்" என்று மேலே ஒரு வரி போட்டோம். நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிற நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பவென்று ஒன்றை எடுத்து வைத்தேன். ஒரு வருடம் முடிந்து செய்த ஆட்டைத் திவசத்தன்று 4 பேர் அந்தப் பக்கத்தை நிரப்பிக் கொண்டுவந்தார்கள். ஒரு பிரதியில் பென்சிலால் இருந்தது: "அம்மா ஊரில் தைக்கத் தொடங்கியது 1976 என்று போட்டிருக்கிறீர்கள். 1974இல் என் முதலாம் வகுப்புச் சட்டை அவ தைத்தது." கோப்பைத் திருத்தி, திருத்திய பிரதியைத்தான் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பினேன்.