வடசென்னையில் பழைய வீட்டுக்குக் குடிவருகிறீர்களா? பெயிண்டைக் கடைசியில் வையுங்கள்

துபாய், சிங்கப்பூர் என்று பல வருஷம் இருந்துவிட்டு ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் அப்பா வீட்டுக்குத் திரும்பி வருகிறவர்கள் உண்டு. மதுரை, நெல்லைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, கையில் இருக்கிற காசுக்கு திருவொற்றியூரிலோ வியாசர்பாடியிலோ ஒரு பழைய வீட்டை வாங்குகிறவர்களும் உண்டு. வந்ததும் பெரும்பாலும் கேட்பது "பெயிண்ட் அடிக்க எவ்வளவு ஆகும்?" என்றுதான். பெயிண்டைப் பற்றி யோசிக்க இன்னும் நாள் இருக்கிறது. இந்தப் பக்கத்து வீடுகளை அரிப்பது தண்ணீரும் உப்பும். அவை எந்த வழியாக வீட்டுக்குள் வருகின்றன என்று பார்க்காமல் செலவழித்தால், அதே சுவருக்கு இரண்டு வருஷத்தில் மறுபடியும் செலவழிக்க வேண்டிவரும். வெளிநாட்டில் சேர்த்த பணம் இப்படிக் கரைந்துபோவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாடியிலிருந்து தொடங்குங்கள். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் இன்னும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் நிற்கின்றன. மரக்கட்டைகள், அவற்றின் மேல் சுண்ணாம்பில் நெட்டுக்குத்தாக அடுக்கிய சின்னச் செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. ஒழுகுகிறது என்றால் சில மேஸ்திரிகள் "மேல ஒரு கான்கிரீட் போட்டுடலாம் சார்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த மரக்கட்டை அவ்வளவு பாரத்துக்கு வைத்தது இல்லை. முதலில் கட்டை சுவருக்குள் நுழைகிற முனையில் ஒரு ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். இறங்கினால் அந்தக் கட்டை உளுத்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். இறங்கவில்லை என்றால் உடைந்த தட்டோடுகளை மாற்றி இடுக்குகளை அடைத்து, தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓடுகிற மாதிரி வாட்டத்தைச் சரிசெய்தாலே பெரும்பாலும் போதும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

கான்கிரீட் தளம் போட்ட வீடாக இருந்தால் பார்க்க வேண்டியது கம்பியை. கடல் காற்றில் வரும் உப்பு வருஷக்கணக்கில் கான்கிரீட்டுக்குள் ஊறி கம்பியைத் தொட்டுவிடும். துருவுக்குக் கம்பியைவிடச் சில மடங்கு இடம் வேண்டும், அதனால் அது கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து கீழே தள்ளும். சீலிங்கில் கம்பி ஓடுகிற நேர்கோட்டிலேயே விரிசலோ பழுப்புக் கறையோ தெரிந்தால் உள்ளே இதுதான் நடக்கிறது.

கொருக்குப்பேட்டையில் உறவுக்காரர் ஒருவரின் படுக்கையறையில் ஒரு வயதான கொத்தனார் சாரத்தின் மேல் நின்றுகொண்டு கரண்டிக் காம்பால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே போனார். ஃபேன் கொக்கி வரைக்கும் 'டங் டங்' என்று கெட்டியான சத்தம். கொக்கியைத் தாண்டியதும் சத்தம் 'பொத்து பொத்து' என்று மாறியது. "இங்கதான்ணா" என்று சொல்லிக் கரண்டி நுனியால் லேசாக நெம்பினார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி இருந்த இடத்தில் பழுப்பாக ஏடு ஏடாக ஏதோ இருந்தது, விரல் பட்டதும் உதிர்ந்தது. அந்த அறைக்குக் கொஞ்ச நாள் முன்புதான் பட்டி வைத்து எமல்ஷன் அடித்திருந்தார்கள்.

இதற்கு வெறும் சிமெண்ட் பூசி மூடுவது வைத்தியமே இல்லை, துரு உள்ளே தன் வேலையைத் தொடரும். பொத்தலான கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பியை ஒயர் பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்ட பாண்டிங் பூச்சு கொடுத்து, அப்புறம்தான் பாலிமர் கலந்த கலவையை அப்ப வேண்டும். கம்பி ரொம்ப மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டிவரும். அதை முடிவு செய்ய வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். அவருடைய ஃபீஸை வீண் செலவு என்று நினைக்காதீர்கள்.

விரிசல் நாளுக்கு நாள் வளர்கிறது, கதவு திடீரென்று இறுக்குகிறது, மணல் கொட்டிக்கொண்டே இருக்கிறது என்றால் பழுது பார்க்கிற பேச்சே வேண்டாம், எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் அரசு வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசலைப் பார்த்துவிட்டு மக்கள் முன்பே வெளியேறியதுதான் காரணம். மாநகராட்சிக்கு 1913 என்ற எண்ணில் தகவல் சொல்லலாம்.

அடுத்தது ஓதம், அதாவது சுவரில் ஊறி ஏறுகிற ஈரம். சுவரின் அடிப்பகுதியில் இடுப்பு உயரம் வரை பூச்சு பொரிந்து வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். ஒரு பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். சுவர்ப் பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் கோத்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும். சுவருக்குள் ஈரம் இருக்கும்போது வாட்டர்ப்ரூஃப் பெயிண்டோ டைல்ஸோ போட்டு மூடினால் ஈரம் இன்னும் மேலே ஏறும். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசினாலும் இதே கதைதான். கெட்ட பூச்சை ஈரக்கோட்டுக்கு மேல் ஓரடி வரை செதுக்கி எடுத்துவிட்டு, வெயில் காலம் முழுக்கக் காயவிடுங்கள். குழாய்க் கசிவும் சாக்கடைக் கசிவும் இல்லை என்று உறுதியான பிறகு பூசுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. அங்கே வீடு பார்க்கிறவர்கள் சுவரில் கருப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் ஊறிய பூச்சின் மேல் சிமெண்டும் பெயிண்டும் பிடிக்காது, அதைக் கொத்தியே எடுக்க வேண்டும்.

தெரு உயர்ந்துகொண்டே போய் வீடு பள்ளத்தில் நிற்பது இன்னொரு வேதனை. பழைய தார்த் தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். உங்கள் தெருவில் சாலை போட வரும்போது அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு இதைக் கேளுங்கள். சாலை போட்ட பிறகு கேட்டுப் பயன் இல்லை. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிற வேலையும் சென்னையில் நடக்கிறது. ஆனால் கம்பி துருப்பிடித்த வீட்டுக்கும், பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் உள்ள வீட்டுக்கும் நான் அதைச் சொல்லமாட்டேன்.

தண்ணீர் விஷயத்தில் இன்னொன்று. இந்தப் பக்கம் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் கலவை போட்டால் உப்பை நாமே கம்பிக்குக் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. மெட்ரோ வாட்டரைப் பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் லாரித் தண்ணீர் வாங்குங்கள். போட்ட கலவையைக் குறைந்தது ஏழு நாள் ஈரமாக வைத்து நீராற்றுவதும் அதே நல்ல தண்ணீரில்தான். பழைய ஜி.ஐ. குழாய்களை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களை) இந்த உப்பு சீக்கிரம் தின்றுவிடும், சுவரைத் திறந்திருக்கும்போதே பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றிவிடுங்கள். ஒயரிங்கையும் அப்போதே முடியுங்கள். பிளக் பாயிண்டுகளைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்து, மின்கசிவு வந்தால் உடனே கரண்ட்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம் போடுங்கள். ஈரச் சுவரில் ஷாக் அடித்து உயிர் போவதை அது தடுக்கும்.

சரி, பணம். கொத்தனார் நாள் கூலி ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது, கூட ஒரு சித்தாள் வேண்டும். மெட்டீரியல் தனி. சிமெண்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆகியிருக்கிறது, பில்லில் அது தெரிகிறதா என்று பாருங்கள். மணலுக்குப் பதில் கல்லை அரைத்துச் செய்கிற எம் சாண்ட் கான்கிரீட்டுக்கு, அதைவிட நைசான பி சாண்ட் பூச்சுக்கு. இவற்றை யூனிட் கணக்கில் விற்பார்கள், ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. காசிமேடு மாதிரி குறுகலான சந்துகளுக்குள் லாரி வராது. தெருமுனையில் கொட்டிவிட்டுப் போவான், அங்கிருந்து மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுவர வேண்டும். இந்த ஏற்று இறக்குக் கூலி எந்த எஸ்டிமேட்டிலும் இருக்காது. கட்டட இடிபாட்டை வெளியேற்றக் குட்டியானைக்குக் கொடுப்பதும் அப்படித்தான். அதைக் கால்வாய் ஓரம் கொட்டினால் அபராதமும் உண்டு, அடுத்த மழையில் நம் தெருவிலேயே தண்ணீர் நிற்கும்.

ரிப்பேர் வேலையை மொத்தமாகக் காண்ட்ராக்ட் பேச நான் சொல்லமாட்டேன். கொத்தாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. காண்ட்ராக்ட் என்றால் கெட்டதைப் பாதியில் மூடத்தான் மனசு வரும். கொத்துகிற கட்டத்தைத் தினக்கூலியில் செய்யுங்கள். எல்லாம் திறந்து பார்த்த பிறகு பூச்சையும் டைல்ஸையும் அளவு போட்டுப் பேசுங்கள். நினைத்ததைவிடக் கால் பங்கு கூடுதலாகக் கையில் இருக்கட்டும். மாடி வேலைக்கு அட்வான்ஸைக் குறைவாகக் கொடுத்து, பத்தில் ஒரு பங்கையாவது முதல் பெரிய மழை வரை நிறுத்தி வையுங்கள். இதை வேலை தொடங்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், மேஸ்திரிக்கும் அதுதான் நியாயம். மழை வரை காத்திருக்க முடியாதென்றால் மாடி வடிகுழாயை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க நிறுத்திப் பாருங்கள். மெட்ராஸ் டெரஸில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

காலம் பார்த்துத் தொடங்குவதும் முக்கியம். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஆடியில் புதுக் கட்டட வேலை தொடங்கப் பலர் தயங்குவதால் நல்ல கொத்தனார்கள் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள், ரிப்பேருக்கு அப்போது பிடித்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போனால் திரும்பி வர நாளாகும். வேலை நடக்கும்போது டீயும் மதியத்துக்கு நிழலும் கொடுங்கள், சனிக்கிழமைக் கூலியைச் சனிக்கிழமையே கொடுத்துவிடுங்கள். போன் எடுக்காத மேஸ்திரி என்று புலம்புகிற பல வீடுகளில் கூலி பாக்கி இருக்கிறது.

வாடகைக்கு வந்திருப்பவர்களுக்கு: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று பட்டியலே போட்டிருக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. டேப், சுவிட்ச், பூட்டு, வாஷ்பேசின் மாதிரி சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தால் அதுதான் செல்லும், கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். வீட்டுக்காரர் தன் பங்கைச் செய்ய மறுத்தால், நீங்களே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. அதற்கு முன் பழுதைப் போட்டோ எடுத்து எழுத்தில் கேளுங்கள், வாட்ஸாப்பில் கேட்டிருந்தாலும் அழிக்காமல் வையுங்கள். பில்களின் நகலை அந்த மாத வாடகையோடு சேர்த்துக் கொடுங்கள்.